உங்கள் பெயரிலுள்ள 'எல்' யார்?



மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். அஸர் தொழுதுவிட்டுப் பண்டாரவளையிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு தாயும் மகளும் எனக்காகக் காத்திருந்தார்கள். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தாயின் கையில் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் ஓர் உறைக்குள் இருந்தன. என் மனைவி கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் அந்தத் தாய் கேட்டார்:

"மௌலவி, காவின் எழுத முந்தி இந்த 'லெப்பை'யை எடுத்துப்போட ஏலாதா?"

விசாரித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்த அன்று, யாரோ ஒருவர் பெண்ணின் முழுப் பெயரை வாசித்துவிட்டு, "ஓ, பள்ளி லெப்பைட பேத்தியா?" என்று சிரித்தாராம். கூட இருந்தவர்களும் சிரித்தார்களாம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு தாயின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"ராத்தா, அந்த லெப்பை யார்?" என்று கேட்டேன்.

"அவட வாப்பாட வாப்பா. நான் கலியாணம் முடிச்சு வர முந்தியே மௌத்தாப் போயிட்டார். எனக்கு ஒண்டும் தெரியா."

மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தன் பெயரோடு சுமந்துவந்த அந்த 'எல்' என்ற எழுத்துக்குள் இருந்த மனிதரை அவள் அறிந்திருக்கவில்லை. அறியாத ஒருவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் இந்த மாதம் உங்களோடு இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

லெப்பை என்ற சொல்

நம் நாட்டு முஸ்லிம்களின் பெயர்ப் பட்டியல் எதையாவது எடுத்துப் பாருங்கள். ஏ.எல்., ஐ.எல்., எம்.எல்., யூ.எல். என்று வரிசை வரிசையாக இருக்கும். அஹமது லெப்பை, இஸ்மாயில் லெப்பை, மீரா லெப்பை, உதுமா லெப்பை என்று விரியும் அந்த எழுத்துகளில் 'எல்' பெரும்பாலும் லெப்பைதான். அப்படியானால் இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? இல்லை. அட்டாளைச்சேனை லெப்பைக்கும் வெலிமடை லெப்பைக்கும் இரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை.

லெப்பை என்பது முதலில் ஒரு பணியின் பெயர். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், தொழுகை நடத்துபவர், பெயர் சூட்டுவதற்கும் கத்தத்துக்கும் மையித்துக்கும் முன்னே வந்து நிற்பவர் லெப்பை. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் லெப்பை என்றால் முஸ்லிம் மதகுரு என்றே பொருள். ஓதத் தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ இருந்த காலத்தில், அந்தச் சொல்லை ஊரார் மரியாதையாகப் பெயரோடு சேர்த்தார்கள். பிறகு அந்த மரியாதை பெயராகவே நிலைத்தது. ஓதிக்கொடுக்காத மகனுக்கும் வியாபாரம் செய்த பேரனுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இதே சொல் வேறு வழியில் போனது. அங்கே 'லப்பை' என்பது ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் இராவுத்தர்களையும் மரைக்காயர்களையும் உள்ளடக்கிய லப்பைகள் என்று ஒரே தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். 2007ல் கொடுக்கப்பட்ட 3.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உரியவர்களில் அவர்களும் அடங்குவர். இங்கே ஓர் ஆசிரியரின் பட்டம். அங்கே ஒரு சாதிச் சான்றிதழின் சொல். பாருங்கள், பாக்கு நீரிணையைத் தாண்டுவதற்குள் ஒரு சொல் எப்படி மாறிவிடுகிறது!

சொல்லின் வேர் என்ன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஹஜ்ஜில் நாம் முழங்கும் 'லப்பைக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது நம் பெரியவர்கள் விருப்பத்தோடு சொல்லும் விளக்கம். அதை முடிந்த முடிவாக நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் அழைத்தவுடன் 'இதோ வந்தேன்' என்று வந்து நிற்பதுதான் லெப்பையின் வாழ்க்கை என்பதில் ஐயமில்லை.

1898ல் மறைந்த இருவர்

அந்தத் தாயிடம் இரண்டு லெப்பைகளைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒருவர் கண்டியில் 1838ல் பிறந்த எம்.சி. சித்திலெப்பை. புரொக்டராகத் தொழில் செய்தவர். 1882ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1885ல் அவர் எழுதி வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'தான் இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனால் மதம் மாறிவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்திருந்த காலம் அது. நமக்கென்று பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர் அவர். மருதானை ஸாஹிராக் கல்லூரி 1892ல் தொடங்கியதன் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்காகக் கண்டியில் பள்ளிக்கூடம் திறந்தவரும் அவரே. சகோதரிகளே, உங்கள் மகள் இன்று சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள் என்றால், அந்தப் பாதையில் முதல் கல்லை வைத்தவர்களில் ஒருவர் பெயரிலும் லெப்பை இருக்கிறது.

மற்றவர் செய்யிது முஹம்மது ஆலிம். காயல்பட்டினத்தில் 1816ல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர். தைக்கா ஸாஹிபு அவர்களின் மகளை மணந்ததால் ஊரார் அவரை 'மாப்பிள்ளை லெப்பை' என்றார்கள். மாப்பிள்ளை என்பதற்கு அரபியில் 'அரூஸ்'. ஆகவே அறிஞர்களிடையே அவர் 'இமாமுல் அரூஸ்' ஆனார். ஒரே மனிதருக்குத் தமிழில் ஒரு பெயர், அரபியில் ஒரு பெயர். இரண்டுக்கும் பொருள் ஒன்று. நம் மூத்தும்மாமார் அரபு எழுத்தில் தமிழை எழுதி வாசித்தார்களே, அந்த அரபுத் தமிழை வளர்த்தவர்களில் முதன்மையானவர் இவர். 'பத்ஹுத் தய்யான்' என்ற அவருடைய நூல் வழியாகத்தான் தொழுகை, நோன்புச் சட்டங்கள் எத்தனையோ வீடுகளின் அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தன. இலங்கை முழுவதும் பயணம் செய்த அவர், வெலிகமையில் 1884ல் பாரி அரபு மத்ரஸாவை நிறுவினார்.

இருவரும் மறைந்தது 1898ல். ஒருவர் புரொக்டர், ஒருவர் ஆலிம். உறவினர் அல்லர். பெயரில் ஒரு சொல் பொது. அந்தச் சொல் இருவருக்கும் இழிவைக் கொண்டுவரவில்லை.

மரிக்காரும் அப்படித்தான்

'எம்' என்ற எழுத்தையும் கொஞ்சம் பாருங்கள். அது பெரும்பாலும் முஹம்மது. சில பெயர்களில் மரிக்கார். மரைக்காயர், மரைக்கார், மரக்காயர், மரிக்கார் என்று பலவாறு எழுதப்படும் அந்தச் சொல்லை 'மரக்கலம்' என்பதோடு தொடர்புபடுத்துவார்கள். கடல் வியாபாரிகளின் பெயர் அது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர். நான்காமவரைப் போர்த்துக்கீசர் கோவாவில் 1600ல் கொன்றார்கள். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். அது 1877ல் திறக்கப்பட்டது. வெகுமதி என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

நம்முடைய ஊவாவிலும் ஒருவர் இருந்தார். வெல்லஸ்ஸப் பகுதி முஸ்லிம்களுக்கு முஹந்திரமாக 1817ல் ஆங்கிலேயர் ஒருவரை நியமித்தார்கள். கண்டித் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்த அந்த நியமனம் 1817-18 ஊவாக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். வரலாறு அவரை 'ஹஜ்ஜி முஹந்திரம்' என்றும் 'ஹஜ்ஜி மரிக்கார்' என்றும் அழைக்கிறது. ஹஜ்ஜி ஒரு பட்டம், முஹந்திரம் ஒரு பதவி, மரிக்கார் ஒரு பொதுச் சொல். மனிதர் போய்விட்டார், சொற்கள் தங்கிவிட்டன.

இரண்டு சொல்லும் ஒரே பெயரில் வருவதும் உண்டு. இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமின் மூத்த சகோதரர் 2021ல் நூற்று நான்கு வயதில் மறைந்தார். அவருடைய பெயர் முஹம்மது முத்து மீரா லெப்பை மரைக்காயர். அதில் ஓதிக்கொடுப்பவரின் சொல்லும் இருக்கிறது, படகோட்டியின் சொல்லும் இருக்கிறது.

எழுத்து ஒன்று, ஆள் வேறு

இந்த நாட்டில் எழுத்தை மட்டும் பார்த்து ஆளை மதிப்பிட்டால் ஏமாந்து போவோம். டி.பி. ஜாயா என்றால் துவான் புர்ஹானுத்தீன் ஜாயா. மலாய் முஸ்லிம் தலைவர். டி.பி. இலங்கரத்ன என்றால் டிக்கிரி பண்டார இலங்கரத்ன. சிங்கள எழுத்தாளர், அமைச்சர். எழுத்து இரண்டும் அதேதான். நம் ஊரின் பெயரிலும் அந்தப் 'பண்டார' இருக்கிறது. சிங்களவரிடையே அது பிரபு வழியைக் காட்டும் மதிப்புச் சொல். தமிழிலோ பண்டாரம் என்றால் களஞ்சியமும் ஆகும், காவி கட்டிய துறவியும் ஆவார்.

மறுபுறம், பெயர் ஒன்றாக இருந்து எழுத்து மட்டும் வேறுபடுவதும் உண்டு. சட்டநிரூபண சபைக்கு 1889ல் நியமிக்கப்பட்ட முதல் முஸ்லிம் உறுப்பினர் எம்.சி. அப்துல் ரஹ்மான். அவருக்குப் பின் வந்தவர் டபிள்யூ.எம். அப்துல் ரஹ்மான். முன்னால் உள்ள எழுத்துகளை எடுத்துவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அந்த 'டபிள்யூ.எம்.' என்பதுதான் நாம் மேலே சொன்ன வாப்பிச்சி மரிக்கார், அவருடைய தகப்பனார்.

அரபு மத்ரஸாவில் நாங்கள் ஹதீஸ் கலை படித்தபோது இதற்கென்று ஒரு பாடமே இருந்தது. 'அல்முத்தபிக் வல்முப்தரிக்' என்று அதற்குப் பெயர். பெயரில் ஒன்றுபட்டு ஆளில் வேறுபட்டவர்கள் என்பது கருத்து. ஹிஜ்ரி 463ல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதி இந்தத் தலைப்பிலேயே ஒரு பெரிய நூல் எழுதினார். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் ஆறு பேர் இருந்ததை இப்னுஸ் ஸலாஹ் எடுத்துக்காட்டுகிறார். அவர்களில் முதலாமவர்தான் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பேரறிஞர். மற்ற ஐவரும் வேறு வேறு மனிதர்கள்.

ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? நம்பகமான ஒருவருக்கும் பலவீனமான ஒருவருக்கும் ஒரே பெயர் இருந்தால், பொய் மெய்யாகிவிடும். நல்லவர் மேல் பழி விழும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் போய், தகப்பன் யார், ஊர் எது, ஆசிரியர் யார், மறைந்த வருடம் எது என்று தேடினார்கள். பெயரைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் ஒரு பெயரை வாசித்துச் சிரித்தவர்கள் இந்தப் பாடத்தில் ஒரு பக்கத்தையாவது படித்திருந்தால், அந்தப் பிள்ளை அன்று அழுதிருக்கமாட்டாள்.

தோட்டத்து அனுபவம்

பெயர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பார்க்கட்டும். ஒரு லயத்தில் மூன்று இராமசாமி, நான்கு மாரியாயி இருப்பார்கள். செக்ரோலில் அவர்களைப் பிரித்துக் காட்டியது இலக்கம். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயரும், பிறப்புப் பதிவில் உள்ள பெயரும் பல வேளைகளில் ஒத்துப்போகவில்லை.

1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்தார், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்ட முடியாமல் இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949ல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களில் தோட்டத் தொழிலாளரோடு இந்திய வம்சாவளி முஸ்லிம் கடைக்காரர்களும் இருந்தார்கள். 1964ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988ன் சட்டம் என்று நீண்டு, 2003ன் சட்டத்தோடுதான் அந்தத் துயரம் பெருமளவுக்கு முடிந்தது. ஒரு பாட்டனின் பெயர் ஒரு காகிதத்தில் சரியாக இல்லாததன் விலை அது. இன்றும் நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனின் பெயருக்கு ஒரு கூடு இருக்கிறது. அந்தக் கூட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

மார்க்கம் காட்டும் வழி

ஸைத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மகனாக வளர்த்தார்கள். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தார்கள். அதைவிட உயர்ந்த பெயர் உண்டா? ஆயினும், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மாரின் பெயராலேயே அழையுங்கள் என்ற கட்டளை வந்தவுடன், அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

பெண்களுக்கும் அதுவே. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களை மணந்த பிறகும் அபூபக்ரின் மகள் ஆயிஷாதான். உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து உங்கள் வாப்பாவின் வீடு. கலியாணத்தோடு அதை விட்டுக்கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கோத்திரங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே அன்றி, பெருமையடிக்கவோ பரிகசிக்கவோ அல்ல என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'பள்ளி லெப்பை' என்ற சொல் கேலியானதற்கு நாமும் காரணம். ஓதிக்கொடுத்தவருக்கு அரிசியும் சில்லறையும் கொடுத்தோம். மையித்து வீட்டில் முன்னே கூப்பிட்டோம், கலியாணப் பந்தலில் பின்னே உட்காரவைத்தோம். அவருடைய வறுமையைப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடைய பட்டத்தையும் ஏழையாக்கிவிட்டன. அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து வெட்டினால் இந்தக் குற்றம் நம்மை விட்டுப் போய்விடுமா?

பிறகு நடந்தது

"ராத்தா, சட்டப்படி பெயர் திருத்த விண்ணப்பிக்க வழி இருக்கிறது" என்றேன். "ஆனால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று வந்துவிட்டால் பிள்ளை காலம் முழுக்க அலைய வேண்டிவரும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் அந்த லெப்பை யார் என்று விசாரியுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் வாருங்கள்."

இரண்டு கிழமை கழித்து மகள் மட்டும் தன் மாமியோடு வந்தாள். வாப்பாவின் ராத்தா அவர்; எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்னார்: அந்த மனிதர் கிழமைக்கு மூன்று நாள் தோட்டப் பாதையில் நடந்துபோய், கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடை மண்டபத்திலேயே ஓதிக்கொடுத்தாராம். பள்ளிவாசல் இல்லாத இடங்கள் அவை. பாலில்லாத தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும்தான் பகல் சாப்பாடு. பனியில் நடந்து நடந்து நெஞ்சுச் சளியோடு மௌத்தானாராம். அவரிடம் அலிப், பே படித்த பெண்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார்களாம்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"நானே சொன்னேன், மௌலவி" என்றாள் அந்தப் பிள்ளை. "மாமியிட்ட கேட்டு எழுதிக்கொண்டு போய் வாசிச்சேன். அவங்கட மூத்தும்மாவும் அவர்ட்டதான் ஓதினாவாம். அவ அழுதிட்டா."

காவின் எழுதிய அன்று நான் போயிருந்தேன். பதிவுகாரர் சுருக்கமாக எழுதப் பார்த்தபோது, "முழுசா எழுதுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. லெப்பை என்ற சொல் முழுதாகவே எழுதப்பட்டது.

சகோதரிகளே! இன்று இஷாத் தொழுத பிறகு உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, தங்கள் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளை விரித்து எழுதச் சொல்லுங்கள். தெரியாத எழுத்து வந்தால் வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மூத்தவர் இருக்கும்போதே கேளுங்கள். அவரும் போய்விட்டால், பெயரில் எழுத்து மட்டுமே மிஞ்சும்.